தொண்ணூற்றோராவது நாள்

குஜராத்தின் பவநகர் மாவட்டத்தில் தல்லி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கும் பக்கத்து ஊரிலும் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்க 2017 ஜனவரி முதல் வாரத்தில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஊராட்சி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு பிப்ரவரியில் விவரம் பெற்றது. ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. விவரம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால், சட்டம் தரும் கூடுதல் அவகாசத்துக்குள் வழக்கு அடங்கிவிடுகிறது. அனுமதி அரசு வலைதளத்தில் ஏறிய நாளிலிருந்து எண்ணினால் சில நாட்கள் தாண்டிவிடுகிறது. தீர்ப்பாயம் இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டு மனுவைத் தள்ளியது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது.

சுரங்கம் வந்தால் கிணற்று நீர் எத்தனை அடி இறங்கும், தூசி எந்த வயலில் படியும் என்பவற்றுக்கெல்லாம் இந்த வழக்கில் விடை தேட வேண்டியிருக்கவில்லை. ஊர் பிந்தியது சில நாட்கள். அது பிந்தியதுதான் என்று முடிவாகச் சொல்ல நீதி அமைப்புக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

சுரங்கத்தையோ எண்ணெய்க் கிணற்றையோ எதிர்க்கும் ஊர்களுக்கு இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் ஒரு கருவி என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். சரிதான். அந்தக் கருவியின் கைப்பிடி எவ்வளவு சிறியது, 2020க்குப் பிறகு அது எப்படித் தேய்ந்துவருகிறது என்பதைச் சொல்வது குறைவு.

முதலில் அந்தத் தொண்ணூறு நாள். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இல் வந்தது. அதன் 16ஆவது பிரிவின்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மேலும் 60 நாட்கள் தரலாம். அதற்கு மேல் தருவதற்கு அதிகாரமில்லை. தொண்ணூற்றோராவது நாள் வருகிறவரிடம் எவ்வளவு வலுவான ஆவணம் இருந்தாலும் கதவு திறக்காது.

நாளை எதிலிருந்து எண்ணுவது? அனுமதி ‘தெரிவிக்கப்பட்ட’ நாளிலிருந்து என்கிறது சட்டம். யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் அதன் பிந்தைய திருத்தமும் சொல்கின்றன. நிறுவனம் நாளிதழில் விளம்பரம் தர வேண்டும். அரசு அதைத் தன் வலைதளத்தில் ஏற்ற வேண்டும். நிறுவனம் ஊராட்சித் தலைவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். ஊராட்சி அதை 30 நாட்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நாளிதழ், வலைதளம், ஊராட்சி என்று மூன்று கடமைகள், மூன்று தேதிகள். இவற்றில் எது முதலில் நடந்ததோ அந்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடும் என்பதுதான் தல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றில் ஊருக்கு மிகத் தூரத்தில் இருப்பது எது என்று யோசித்தால் வலைதளம்தான். மிக விரைவாக முடிவதும் அதுதான். ஒரு கோப்பை ஏற்ற ஒரு நிமிடம் போதும். ஊராட்சிப் பலகையில் தாள் ஒட்டப்பட்டதா இல்லையா என்பது அதன் பிறகு கணக்கில் வராது. தீர்ப்பில் தர்க்கம் இருக்கிறது. காலக்கெடு என்றால் எல்லோருக்கும் ஒரே தொடக்கம் வேண்டும் என்பது நியாயமான கவலை. ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு வலைதளத்தைத் தினமும் திறந்து பார்க்கும் கிராமத்தை அந்தத் தர்க்கம் கற்பனை செய்துகொள்கிறது.

இந்தக் கணக்கை ராமநாதபுரத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே 20 இடங்களில் சோதனைக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. மாவட்டம் முழுக்க, தமிழ்நாடு முழுக்க அது பேச்சானது ஆகஸ்டில். மார்ச்சின் கடைசி நாளிலிருந்து எண்ணினாலும் தொண்ணூறு நாட்கள் ஜூனோடு முடிகின்றன. அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று மாநில அரசே ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. இந்தத் திட்டத்தைத் தமிழ்நாடு அனுமதிக்காது என்று அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். அரசியலாகப் பார்த்தால் ஊர்ப் பக்கம் பலம் கூடியது. காலண்டரைப் பார்த்தால் 16ஆவது பிரிவின் வாசல் அதற்குள் அடைபட்டிருக்கும். உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் மிச்சமிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் இருப்பதால் அது இல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் அங்கே போகும் ஊர், ஏன் தீர்ப்பாயத்துக்கு உரிய நேரத்தில் போகவில்லை என்ற கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

(ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். அனுமதி கொடுத்த ஆணையத்தின் பெயரில் ‘மாநில’ என்ற சொல் இருக்கிறது. ஆட்களைப் பரிந்துரைப்பது மாநில அரசு. ஆணையத்தை அமைப்பது ஒன்றிய அரசு, தன்னுடைய 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். ‘மாநில அரசுக்குத் தெரியாமலா’ என்ற சண்டையில் பாதி இந்தப் பெயரிலிருந்து வருகிறது.)

மார்ச்சில் கொடுத்தது ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிய வந்தது என்றால், நடுவில் ஊரைக் கூட்டிவைத்து யாரும் கேட்கவில்லையா? கேட்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. கதை அங்கேதான் இருக்கிறது.

2006 அறிவிக்கை திட்டங்களை ‘அ’, ‘ஆ’ என்று இரண்டாகப் பிரித்தது. ‘அ’ பிரிவு தில்லிக்குப் போகும். ‘ஆ’ பிரிவு மாநில ஆணையத்துக்குப் போகும். ‘ஆ’வுக்குள் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று பிரிவு. ‘ஆ-2’வில் விழுந்த திட்டத்துக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம். எண்ணெய், எரிவாயுவைப் பொறுத்தவரை தேடுவதும் எடுப்பதும் சேர்ந்தே ‘அ’ பிரிவில் இருந்தன. 2020 ஜனவரி 16 அன்று ஒரு திருத்தம் வந்தது. எடுப்பது ‘அ’ பிரிவிலேயே இருக்க, தேடுவது மட்டும் ‘ஆ-2’க்கு இறங்கியது. நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டிய மாற்றமல்ல இது. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதுமானதாக இருந்தது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறக் கேட்டு அதே மாதம் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். திருத்தம் அப்படியே நீடித்தது.

தேடுவதற்குத்தானே தோண்டுகிறார்கள், எடுக்கும்போது எப்படியும் கருத்துக் கேட்பார்கள் என்று அரசுத் தரப்பில் சொல்லலாம். சட்டப்படி அது உண்மையும்கூட. ஆனால் பூமிக்கு அடியில் இருக்கும் அழுத்தத்துக்கு இந்த வகைப்பாடு தெரியாது. கோதாவரிப் படுகையில் பாசர்லபூடி கிணறு 1995 ஜனவரி 8 அன்று வெடித்துத் தீப்பிடித்தது, தோண்டிக்கொண்டிருக்கும்போது. தீயை அணைக்க 65 நாட்கள் ஆயின. சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று வெடித்து 11 பேரைக் கொன்று, 87 நாட்கள் கடலுக்குள் எண்ணெயைக் கக்கிய மக்கோண்டோ கிணற்றை எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த கிணறல்ல அது. எண்ணெய் இருக்கிறதா என்று தேடித் தோண்டிய கிணறு. எந்த மண்ணடுக்கில் என்ன அழுத்தம் காத்திருக்கிறது என்று முன்பின் தெரியாமல் இறங்குவது தேடும் கிணறுதான். குறைவான தணிக்கை அதற்குப் போதும் என்ற முடிவுக்கு எந்தப் பொறியியல் காரணமும் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. கிணறு தோண்ட நிலம் பிடிக்க வேண்டும். லாரி போகச் சாலை போட வேண்டும். சேற்றுக்கழிவு கொட்டக் குழி வெட்ட வேண்டும். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, எடுக்கும் கட்டத்துக்குக் கருத்துக்கேட்பு நடக்கும் நாளில் இவை எல்லாம் அங்கே இருக்கும். ‘இவ்வளவு செலவாகிவிட்டது’ என்பதும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை நான் பெரிதாக ஏற்றிச் சொல்லவில்லை. அதன் பலவீனங்கள் தெரிந்தவைதான். 1994இல் தாக்க மதிப்பீடு கட்டாயமானபோது அது இல்லை, 1997இல்தான் சேர்த்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு நாளிதழ்களில் விளம்பரம் செய்யும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் அறிக்கையைப் பார்வைக்கு வைப்பார்கள். முழு அறிக்கை பல நூறு பக்க ஆங்கிலம். தமிழில் வருவது சுருக்கம் மட்டும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற விதி கிடையாது. ஐந்து பேர் வந்தாலும் அது கூட்டம்தான். ஐயாயிரம் பேர் வேண்டாம் என்று கைதூக்கினாலும் அது முடிவாகாது, பதிவாகும், அவ்வளவே. ஆட்சியரோ கூடுதல் ஆட்சியரோ தலைமை தாங்குவார். அவருக்கும் முடிவெடுக்கும் அதிகாரமில்லை. கூட்டம் முடிந்து வெளியே வருகிறவர்கள் ‘எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க’ என்று சொல்லிக்கொண்டு போவதில் ஆச்சரியமில்லை.

ஆனாலும் அந்தக் கூட்டம் மூன்று காரியங்களைச் செய்கிறது. திட்டம் ஒன்று வருகிறது என்ற தகவல் ஊருக்கு அனுமதிக்கு முன்பே கிடைக்கிறது. நிறுவனம் எழுதிய அறிக்கை ஊரார் கைக்கு வருகிறது. ஊர் சொன்னது பதிவேட்டில் ஏறுகிறது. அதற்கு நிறுவனம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், நிபுணர் குழு அதைப் பார்க்க வேண்டும். பின்னாளில் வழக்கு எழும்போது இந்த மூன்றும்தான் ஆதாரம். சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் 2008 ஜனவரியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கருத்துக்கேட்பு நடந்தது. எதிர்த்து வந்தவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. அந்தக் கூட்டத்தைக் காட்டி அனுமதியும் வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. கூட்டம் நடந்த விதத்தை வைத்தே வழக்காடினார்கள். 2012 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கருத்துக்கேட்பை ஒரு கேலிக்கூத்தாகக் கண்டு அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில், அந்த வட்டாரத்தின் சுரங்கங்களுக்கு எதிராக முன்நின்ற ரமேஷ் அகர்வால் துப்பாக்கியால் சுடப்பட்டார். பிழைத்துக்கொண்டார். 2014இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அவருடைய காலில் பட்ட குண்டைவிட இந்தக் கட்டுரைக்கு முக்கியமான செய்தி வேறொன்று: நடந்த கூட்டம் மோசமாக நடந்தது என்று நிரூபிக்க, முதலில் ஒரு கூட்டம் நடந்திருக்க வேண்டும்.

இதே வாதத்தை அறிக்கைக்கும் பொருத்தலாம். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு உள்ளூர்க் கவுன்சில் அனுமதி கொடுத்தது. அந்தப் பகுதி மக்கள் அமைப்பின் சார்பில் சாரா ஃபின்ச் என்ற பெண் வழக்குத் தொடுத்தார். கிணறு தோண்டும்போது வரும் புகையை அறிக்கை கணக்கிட்டிருந்தது. எடுத்த எண்ணெயைப் பின்னால் எரிக்கும்போது வரும் புகையைக் கணக்கிடவில்லை. இதுதான் குற்றச்சாட்டு. கீழே தோற்று மேலே போய், 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார். அனுமதி செல்லாது என்றானது. அறிக்கையில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டையைக் காட்டி வென்றார்கள். ராமநாதபுரத்தின் இருபது கிணறுகளுக்குச் சட்டப்படி தாக்க மதிப்பீட்டு அறிக்கையே தேவையில்லை. இல்லாத அறிக்கையில் எந்த ஓட்டையைக் காட்டுவது?

அனுமதிக்கு முன்பே விழித்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் காவிரிப் படுகைக்காரர்களுக்குப் புதிதல்ல, ஒருவிதத்தில். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் கையெழுத்தானது 2010இல். ஊர்கள் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் கிராமம் கிராமமாக நடந்தார். 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் இறந்தார். திட்டத்தை மாநில அரசு 2015இல் முற்றாக நிராகரித்தது. 2017 பிப்ரவரி 15 அன்று நெடுவாசல் உள்ளிட்ட இடங்களுக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் ஊரே சாலைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. இத்தனையும் சேர்ந்து 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமாக வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதும் எடுப்பதும் அந்த மண்டலத்துக்குள் கூடாது என்றது சட்டம்.

நல்ல சட்டம். அதன் எல்லையையும் படிக்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் உள்ளே இல்லை. ராமநாதபுரமும் இல்லை. டெல்டாவில் அடைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது என்பதை 2025இல்தான் பலர் பார்த்தார்கள். 2023 மார்ச்சில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு என்று மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்களின் பெயர் வந்தபோது, எதிர்ப்பு வலுத்து ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்குவதற்குள் அவை நீக்கப்பட்டன. ஏலத்தின்போதே பிடித்துவிட்டால் அனுமதி வரை போக வேண்டியதில்லை என்பதற்கு அது உதாரணம். அரிட்டாபட்டியும் அப்படித்தான்.

அரிட்டாபட்டியைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் அவசரமாகவே நிம்மதி அடைந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. மேலூர்ப் பக்கம் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை 2024 நவம்பரில் ஏலம் போனது. அதற்குள் 2022இல் அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ஊரின் வெற்றி அது, சந்தேகமில்லை. நீதிமன்றத்தின் வெற்றியோ சட்டத்தின் வெற்றியோ இல்லை. அரசியல் அழுத்தத்துக்கு ஓர் அரசு இறங்கி வந்தது.

அதற்கு ஏழரை மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 8 அன்று, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவல் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றின் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம். பரப்பு சிறியதோ பெரியதோ எல்லாம் தில்லியிலேயே பரிசீலிக்கப்படும். பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டன என்பது காரணம். பிடிமானம் எங்கிருந்து கிடைத்தது என்றால் அதே 2006 அறிவிக்கையில், தேசப் பாதுகாப்பு மற்றும் ‘பிற உத்திசார்ந்த காரணங்கள்’ உள்ள திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு விலக்கு என்று ஒரு வரி இருக்கிறது. ராணுவக் கிடங்குக்காக எழுதப்பட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த வரிக்குள் இப்போது ஒரு முழுச் சுரங்கத் துறை நுழைந்துவிட்டது.

முக்கியக் கனிமங்களின் பட்டியல் 2023ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. மொத்தம் 24 கனிமங்கள். டங்ஸ்டன் அதில் இருக்கிறது. அணுக் கனிமப் பட்டியலில் கடற்கரை மணல் கனிமங்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைக்க ஒரு கூட்டமாவது அன்றைக்கு இருந்தது. குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். இரண்டு முதல்வர்கள், எதிரெதிர்க் கட்சிகள், ஐந்தரை ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஏறத்தாழ ஒரே கடிதம்.

அனுமதிக்கு முந்தைய வாசல்கள் இப்படிச் சிறுக்கின்றன. அனுமதியே இல்லாமல் தொடங்கிவிட்டால்? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒடிசாவின் இரும்பு, மாங்கனீசுச் சுரங்கங்கள் தொடர்பாக 2017 ஆகஸ்டிலும், குஜராத் மருந்து ஆலைகள் தொடர்பாக 2020 ஏப்ரலிலும் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொன்னது: முன் அனுமதி என்பதற்குப் பின்தேதியிட்ட அனுமதி என்று பொருளில்லை. அதே ஆண்டுகளில் அமைச்சகம் 2017 மார்ச்சில் ஓர் அறிவிக்கை, 2021 ஜூலையில் ஒரு குறிப்பாணை என்று பின்தேதி அனுமதிக்கு வழி போட்டுக்கொண்டே இருந்தது. 2025 மே 16 அன்று நீதிபதிகள் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு இரண்டையும் ரத்து செய்தது. அது ஆறு மாதம்தான் நின்றது. நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டி முடிந்தவற்றை இடித்தால் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் பொதுப்பணம் வீணாகும் என்பது பெரும்பான்மைத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. மாறுபட்ட ஒரே நீதிபதி புயான்தான். விஷயம் மீண்டும் விசாரணைக்கு அனுப்பப்பட்டது.

அந்த 20,000 கோடி என்ற எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சட்டத்தை மீறிக் கட்டியது எவ்வளவு பெரிதோ, அதைக் காப்பாற்றும் வாதம் அவ்வளவு பலமாகிறது. சுரங்க முதலாளி யாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் நியமகிரியை யாராவது ஞாபகப்படுத்துவார்கள். ஞாபகப்படுத்த வேண்டியதுதான். ஒடிசாவில் பாக்சைட் மலையை வெட்டலாமா என்று 2013 ஏப்ரல் 18 தீர்ப்பின்படி பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. டோங்கிரியா கோந்து மக்களின் மலை அப்படியே நிற்கிறது. ஆனால் அங்கே வேலை செய்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். பழங்குடிகளுக்கும் வனத்தில் வாழ்பவர்களுக்கும் உரிய சட்டம் அது. திருவாரூரிலோ ராமநாதபுரத்திலோ நஞ்சை வைத்திருப்பவருக்கு அந்தக் கவசம் கிடையாது. இங்கே கிராம சபை போடும் தீர்மானத்துக்கு அரசியல் கனம் உண்டு. எண்ணெய் அனுமதியைத் தடுக்கும் சட்டக் கனம் இல்லை. ‘நாங்க கிராம சபையில தீர்மானம் போட்டுட்டோம்’ என்று திருப்தியாக வீட்டுக்குப் போகும் ஊர், அந்தத் திருப்தியிலேயே முப்பது நாட்களைக் கழித்துவிடக்கூடும். 2022இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் நியமகிரியின் வழியையும் குறுக்கியிருக்கின்றன: வன உரிமைகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு, ஒன்றியம் ஒப்புதல் கொடுத்த பிறகு மாநிலம் பார்த்துக்கொள்ளும் வேலையாக மாறியிருக்கிறது.

ஆகவே மாவட்டத்தில் ஒருவராவது செய்தாக வேண்டிய வேலை கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது. ‘பரிவேஷ்’ என்ற அரசு வலைதளத்தில் மாவட்டத்தின் பெயரைப் போட்டு, வாரம் ஒருமுறையாவது தேட வேண்டும். விண்ணப்பம், பரிசீலனைக் குழுவின் கூட்டக் குறிப்பு, அனுமதி எல்லாம் அங்கேதான் ஏறுகின்றன. அனுமதிக்குப் பல மாதங்கள் முன்னாலேயே விண்ணப்பம் கண்ணில் படும். ‘ஆ-2’ என்ற குறியீட்டைப் பார்த்தால், இந்தத் திட்டத்துக்கு யாரும் ஊருக்கு வந்து கேட்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். எண்ணெய் வட்டார ஏலம், கனிம ஏலம் என்று அதற்கும் முந்தைய கட்டம் ஒன்று இருக்கிறது. அரிட்டாபட்டியும் வடசேரியும் அங்கேதான் பிடித்தன. அனுமதி வந்துவிட்டால் தேதியைக் குறித்துக்கொண்டு முப்பது நாட்களை மட்டும் கணக்கில் வைப்பது நல்லது. அடுத்த அறுபது தீர்ப்பாயத்தின் கருணை.

பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஊராட்சி அலுவலகப் பலகையில் கடைசியாக எந்த அனுமதிக் கடிதம் ஒட்டப்பட்டது, அது எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்று ஊராட்சிச் செயலரைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.